மீன்தொட்டியில் புழு: கல்லோடு கூடவே வந்த உயிர்களை என்ன செய்வது?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டு, அவருடைய நீண்ட கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

எட்டு மாதங்களுக்கு முன்பு அவரும் கணவரும் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளமும் 250 லிட்டர் கொள்ளளவும் கொண்ட கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்தார்கள். ஒரு விற்பனையாளரிடமிருந்து ‘லைவ் ராக்’ என்ற பவளப் பாறையை இருபது கிலோ வாங்கி அடுக்கினார்கள். இரண்டு கோமாளி மீன்கள், மஞ்சள் வால் டாம்செல் ஒன்று, கிளீனர் இறால் இரண்டு, நத்தைகள் சில என்று தொட்டி நிறைந்தது. ஏழு வயது மகள் நாள்தோறும் அதன் முன்னால் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். கடந்த ஒரு மாதத்தில் டாம்செல் இறந்தது. இரண்டு இறால்களும் இறந்துவிட்டதாக எழுதுகிறார். மூன்று நத்தை ஓடுகள் காலியாகக் கிடந்தன. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது, இறந்த மீனின் உடலைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு புழு வளைந்து கிடந்தது. கையால் பிடிக்கப் போனவருக்கு விரலில் தீப்பட்டதுபோல் எரிச்சல். அன்றிலிருந்து பார்க்கப் பார்க்க வேறு உயிர்களும் கண்ணில் படுகின்றன: பழுப்பு நிறக் கண்ணாடிப் பூ போன்றவை, சிறிய நட்சத்திரங்கள், பாறைக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று ஒரு சத்தம். கடைக்காரர் நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரையைக் கரைத்து ஊற்றச் சொல்லியிருக்கிறார். கணவரோ, எல்லாப் பாறைகளையும் எடுத்து, கல்யாண வீட்டு அண்டா ஒன்றில் போட்டு வேகவைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்கிறார். “எதைக் கொல்ல வேண்டும், எப்படிக் கொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள்” என்று முடிகிறது கடிதம். ஒன்பது படங்களும் தண்ணீர்ச் சோதனைக் குறிப்புகளும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீர்வாழ் உயிரினங்களுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவன் என்ற முறையில் உங்களுக்கு எழுதுகிறேன். மற்ற எதையும் படிப்பதற்கு முன்பு இந்த ஒன்றை உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள்: பாறையை எந்தக் காரணத்துக்காகவும் அடுப்பில் ஏற்ற வேண்டாம். காரணத்தைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். மாத்திரையும் வேண்டாம். தொட்டியில் இருப்பது இன்னதென்று தெரிவதற்கு முன்பு அதைக் கொல்வது பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது என்பதுதான் என் தொழிலில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பாடம். உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு அந்த உறுதி இன்னும் கூடியிருக்கிறது; நீங்கள் அஞ்சுகிற உயிர் உங்களுக்குத் தீங்கு செய்யவில்லை, அழகு என்று எழுதியிருக்கிற ஒன்றிடம்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

லைவ் ராக் என்பது உயிருள்ள கல் அல்ல. இறந்துபோன பவளங்களின் சுண்ணாம்பு எலும்புக்கூடு அது. துளைகளும் பொந்துகளும் நிறைந்தது. அந்தப் பொந்துகளில் வாழும் நுண்ணுயிர்கள்தான் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றித் தண்ணீரை வாழத்தக்கதாக வைத்திருக்கின்றன. அதே பொந்துகளில் புழுக்கள், நண்டுகள், இறால்கள், கடற்பஞ்சுகள், பாசிகள் எல்லாம் குடியிருக்கும். பாறை வந்தால் குடித்தனமும் கூட வரும். ஆகவே உங்கள் தொட்டிக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். எட்டு மாதமாக அவை அங்கேதான் இருக்கின்றன. நீங்கள் இரவில் டார்ச் அடித்துப் பார்த்தது இப்போதுதான்.

புழுவின் மேல் விழுந்த பழி

நான்காவது படத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்திருக்கிறீர்கள். அது மிகவும் உதவியது. பதினொரு சென்டிமீட்டர் நீளம், இளஞ்சிவப்பு கலந்த சாம்பல் உடல், ஒவ்வொரு வளையத்தின் இரண்டு பக்கமும் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் வெள்ளைக் குஞ்சம். இது யூரிதோயி வகையைச் சேர்ந்த பிரிசில் புழு. வெதுவெதுப்பான கடல்களில் கல்லடியில் எங்கும் காணப்படுவது; அழுகியதைத் தின்று வாழ்வது. மீன் இறந்த சிறிது நேரத்துக்குள் வாசனை பிடித்து வந்துவிடும். இழவு வீட்டில் கூடியிருப்பவர்களைப் பார்த்து, இவர்கள்தான் கொன்றார்கள் என்று சொல்லிவிட முடியாது அல்லவா? உங்கள் டாம்செல்லின் அருகில் அந்தப் புழு இருந்தது அப்படித்தான்.

இது ‘ஃபயர் வார்ம்’ என்று கடைக்காரர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். பவளத்தை மேய்ந்து தின்னும் ஹெர்மோடைஸ் என்ற நெருப்புப் புழு அட்லாண்டிக் பெருங்கடலிலும் மத்தியதரைக் கடலிலும் வாழ்வது. அதன் தலையில் மடிப்பு மடிப்பாகச் சதை எழும்பி நிற்கும், பக்கவாட்டில் சிவந்த செவுள்கள் புதர்போல் இருக்கும். உங்கள் படத்தில் இரண்டுமே இல்லை. உண்மையிலேயே அஞ்ச வேண்டிய புழு யூனிசிட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குத் தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருக்கும். உடல் டார்ச் ஒளியில் மயில்கழுத்து நிறத்தில் மின்னும். வாலை வளைக்குள் விட்டுக்கொண்டு தலையை மட்டும் நீட்டும். அந்த இனத்தில் மூன்று மீட்டர் வரை வளர்ந்தவை பதிவாகியிருக்கின்றன. இனி எந்தப் புழுவைப் பார்த்தாலும் நீளத்தைப் பார்த்துத் திகைக்காமல் தலையைப் பாருங்கள், கொம்புகளை எண்ணுங்கள்.

விரல் எரிந்ததற்குக் காரணம் கடி அல்ல. அந்த வெள்ளைக் குஞ்சத்தின் முடிகள் ஒவ்வொன்றும் சுண்ணாம்பாலான, உள்ளீடற்ற ஊசி. தொட்டால் தோலுக்குள் முறிந்து நிற்கும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் அழுத்தி, மெதுவாக உரித்தெடுத்தால் பெரும்பாலானவை கூடவே வந்துவிடும். தேய்க்கக் கூடாது. எரிச்சல் இரண்டொரு நாளில் அடங்க வேண்டும். வீக்கம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சில வாரங்கள் கழித்து அந்த விரலில் ஆறாத சிறு கட்டியோ புண்ணோ தோன்றினால், வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். தொட்டி நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி கீறல் வழியாக உள்ளே போகும். தொட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால், அதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் தாமதமாவதுண்டு.

அப்படியானால் இறந்தது எதனால்?

ஏழாவது படத்தில் ‘இறந்த இறால்’ என்று குறித்திருப்பது இறால் அல்ல. அது கழற்றிப்போட்ட சட்டை. தலைப்பகுதி ஓடும் வயிற்றுப்பகுதியும் சேருகிற இடத்தில் முதுகுப் பக்கம் ஒரு பிளவு தெரிகிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிபோல் வெறும் உறை இருக்கிறது. உள்ளே சதையே இல்லை. சட்டை உரித்த இறால் உடல் இறுகும்வரை ஓரிரு நாள் பொந்துக்குள் ஒளிந்திருக்கும். உங்கள் இறால்களில் ஒன்றாவது இன்னும் உயிரோடு இருக்கலாம். மகளிடம் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

மற்றவை இறந்ததற்கான விடை உங்கள் குறிப்புத் தாளிலேயே இருக்கிறது. உப்பு அடர்த்தி 1.031 என்றும் வெப்பநிலை 31 டிகிரி என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெயில் தொடங்கியதிலிருந்து மூன்று வாரமாக, நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் குறைகிறது என்றும், அதே அளவு உப்புநீரைக் கலந்து கணவர் ஊற்றி நிரப்புகிறார் என்றும் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. சகோதரி, ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான்; உப்பு அப்படியே தங்கிவிடும். இரண்டு லிட்டர் கடல்நீரில் சுமார் 70 கிராம் உப்பு இருக்கிறது. இருபத்தொரு நாளில் அது ஒன்றரைக் கிலோவை நெருங்கும். 250 லிட்டர் தொட்டியில் முதலில் இருந்ததே ஒன்பது கிலோவுக்குள்தான். லிட்டருக்கு 35 கிராமாக இருந்தது 41 கிராமாக ஏறினால் அடர்த்திமானி 1.031 காட்டும். உங்கள் கணக்கும் கருவியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இறாலும் நத்தையும் உடலின் உப்பளவைச் சுற்றியிருக்கும் நீரோடு ஒட்டியே வைத்திருப்பவை. இந்த ஏற்றத்தை அவற்றால் தாங்க முடியாது. தண்ணீர் சூடாகவும் உப்பாகவும் ஆக ஆக, அதில் கரையும் பிராணவாயுவும் குறையும். டாம்செல் அதற்குத்தான் பலியாகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இன்றிலிருந்து குறைந்த நீரை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். கூடவே, நாள்தோறும் சில லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. நீரை விட்டு, ஒரு வாரத்தில் 1.025க்குக் கொண்டுவாருங்கள், ஒரே நாளில் இறக்கினால் மிச்சமிருக்கும் உயிர்களும் போய்விடும். தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி ஒரு சிறிய மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அப்போது ஆவியாவது இன்னும் கூடும் என்பதால், ஆர்.ஓ. நீரைக் காலையும் மாலையும் பார்த்து ஊற்ற வேண்டியிருக்கும்.

புழுக்கள் பெருகியதற்கும் ஒரு காரணம் உண்டு. நாளைக்கு மூன்று வேளை நீங்கள் தீவனம் போடுகிறீர்கள். பள்ளி விட்டு வந்ததும் மகளும் போடுகிறாள். மீன் தின்னாமல் விட்டதைப் புழு தின்கிறது. இரண்டு கோமாளி மீன்களுக்கு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கக்கூடிய அளவு, நாளைக்கு ஒரு முறை போதும். தீவனம் குறைந்தால் இரண்டு மூன்று மாதத்தில் புழுவும் தானாகக் குறையும். அதுவரை பொறுக்க முடியாது என்றால், சிறிய பிளாஸ்டிக் குப்பியில் விரல் நுழையாத அளவு துளைகள் போட்டு, உள்ளே ஒரு துண்டு இறாலை நைலான் வலையில் கட்டி, விளக்கணைத்த பிறகு பாறையோரம் வைத்துவிடுங்கள். காலையில் உள்ளே இருப்பவற்றைக் குறடால் எடுக்கலாம். எல்லாவற்றையும் எடுக்கத் தேவையில்லை, எடுக்கவும் கூடாது.

பூச்சி மாத்திரையை நான் ஏன் தடுக்கிறேன் என்றால், அது வேலை செய்யும் என்பதற்காகத்தான். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். முந்தைய நாள் இரவு நாய்க்கான மாத்திரையைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். நான் போனபோது மணல் முழுவதும் நூல்நூலாக வெளுத்த புழுக்கள். பாறைக்குள் எத்தனை செத்திருந்தன என்று யாருக்கும் தெரியாது. அத்தனையும் ஒரே நேரத்தில் அழுக ஆரம்பித்தன, அம்மோனியா ஏறியது, மாலைக்குள் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. புழு இருந்தவரை அந்த மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. செம்பு கலந்த மீன் மருந்துகளும் அப்படியே: இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு நஞ்சு, சுண்ணாம்புப் பாறை அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

பாறையை ஏன் வேகவைக்கக் கூடாது

ஒன்பதாவது படத்தை “எங்கள் தொட்டியிலேயே அழகானது” என்று அனுப்பியிருக்கிறீர்கள். சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் பழுப்புமான பூக்கள், ஒரே பாயில் தைத்ததுபோல் பாறை மூலையில் விரிந்திருக்கின்றன. இவை சோவாந்திட் என்ற பிரிவைச் சேர்ந்த விலங்குகள். அவற்றில் பாலிதோவா என்ற வகை, பாலிடாக்ஸின் என்ற நஞ்சைக் கொண்டிருக்கக்கூடியது. 1971இல் ஹவாய்த் தீவுகளில் எடுத்த பாலிதோவாவிலிருந்துதான் இந்த நஞ்சை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் அதுவும் ஒன்று. நம் ஒவ்வொரு உயிரணுவின் சுவரிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் ஒரு பம்பு இருக்கிறது. பாலிடாக்ஸின் அதில் ஒட்டிக்கொண்டு, மூடவே மூடாத கதவாக அதை மாற்றிவிடுகிறது. இதயமும் தசைகளும் முதலில் பாதிக்கப்படும். இதற்கென்று தனி முறிமருந்து இல்லை, அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை.

தொட்டிக்குள் தண்ணீரில் சீண்டாமல் விட்டிருக்கும்வரை அவை உங்களுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் கொதிக்கவைத்தாலோ, வெந்நீர் ஊற்றினாலோ, வெளியே எடுத்து பிரஷ்ஷால் தேய்த்தாலோ, நஞ்சு நுண்துளிகளாகக் காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போகும். அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை மீன்தொட்டிக் கடைகளிலும் வீடுகளிலும் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிக்கையாகவே வெளியிட்டது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் 2018இல் வீட்டுத் தொட்டியின் பவளத்தைச் சுத்தம் செய்தபோது ஒரு குடும்பமே நோயுற்றது. உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களையும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. உங்கள் கூடத்தையும் அடுக்களையையும் பிரிப்பது ஒரு திறந்த வாசல்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அண்டா கொதிக்கும்போது மகள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன். அதனால்தான் இந்த எச்சரிக்கையைக் கடிதத்தின் தலையிலேயே வைத்தேன்.

உங்களிடம் இருப்பது நஞ்சுள்ள வகையா, இல்லாததா என்று நிறத்தையோ வடிவத்தையோ வைத்து யாராலும் சொல்ல முடியாது; ஒன்றுபோலவே தோன்றும் இரண்டில் ஒன்றில் நஞ்சு இருக்கும், மற்றதில் இருக்காது. எனவே இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாறையைத் தொடும்போது முழங்கை வரையிலான கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். கையில் கீறல் இருக்கும் நாளில் தொட வேண்டாம். மகள் தொட்டிக்குள் கைவிடவே கூடாது. பாறையைத் தொட்ட பிறகு வாயில் கசப்பாகவோ உலோகச் சுவையாகவோ தோன்றினாலும், மூச்சு இழுத்தாலும், காய்ச்சலும் தசைவலியும் வந்தாலும், எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ‘பாலிடாக்ஸின்’ என்ற சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இதையெல்லாம் படித்துவிட்டு அந்தப் பூக்களைத் தூக்கி எறிந்துவிடத் தோன்றும். பதற வேண்டாம். சீண்டாமல் விட்டால் அவை உங்களோடு பல ஆண்டு அமைதியாக வாழும். வைத்திருக்க விருப்பமில்லை என்றால், அவை இருக்கும் கல்லை நீருக்கு அடியிலேயே மூடிபோட்ட வாளிக்குள் மாற்றி, அனுபவமுள்ள ஒருவரிடம் ஒப்படைப்பதுதான் வழி.

மற்ற மூன்று

பழுப்புக் கண்ணாடிப் பூ என்று எழுதியிருப்பது அய்ப்டேசியா என்ற கடற்சாமந்தி. இதை மட்டும் நீங்கள் அகற்றத்தான் வேண்டும். பதினான்கு இருப்பதாக எண்ணியிருக்கிறீர்கள், விட்டால் நூறாகும், பக்கத்தில் இருப்பவற்றைக் கொட்டும். ஆனால் நசுக்காதீர்கள், சுரண்டாதீர்கள். பாதத்தின் ஒரு துணுக்கு கல்லில் ஒட்டியிருந்தாலும் அது முழு உயிராக வளர்ந்துவிடும். கத்தியால் சுரண்டியவர்கள்தான் அதைத் தொட்டி முழுவதும் பரப்பியிருக்கிறார்கள். தூய கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியான களிம்பாகக் குழைத்து, நீரோட்டப் பம்பை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாய்மேல் மெல்ல வைத்து மூடுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு சேர்மானங்கள் இருக்கலாம். ஒரு நாளில் மூன்று நான்குக்கு மேல் செய்தால் தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும். அவற்றைத் தின்னும் பெப்பர்மிண்ட் இறால் கிடைத்தால் உப்பளவு சரியான பிறகு இரண்டு விடலாம்.

சிறு நட்சத்திரங்கள் இரண்டு வகை. பாம்புபோல் நெளியும் கைகளைக் கல்லிடுக்கிலிருந்து நீட்டுவது நொறுங்கு நட்சத்திரம், அது துப்புரவாளர். கண்ணாடியில் ஒட்டியிருக்கும், கைவிரல் நகத்தைவிடச் சிறியது அஸ்டெரினா. பெரும்பாலும் பாசியைத்தான் மேயும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

சத்தத்துக்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று பிஸ்டல் இறால்: பெரிய கொடுக்கைச் சட்டென்று மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழ் உருவாகி உடைவதுதான் அந்த ‘டக்’. இன்னொன்று மாண்டிஸ் இறால்: நத்தை ஓட்டையும் நண்டின் முதுகையும் அடித்து நொறுக்கக்கூடியது. சத்தத்தை வைத்துப் பிரித்தறிவது கடினம். ஆனால் உங்களிடம் ஒரு சான்று இருக்கிறது. காலியாகக் கிடந்த மூன்று நத்தை ஓடுகளும் விளிம்பு உடையாமல் முழுதாக இருக்கின்றன. அடித்து நொறுக்கும் மாண்டிஸ் இருந்திருந்தால் ஓடு சில்லுசில்லாகத்தான் கிடைத்திருக்கும். எனவே பிஸ்டல் இறாலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனாலும் உறுதியாகும்வரை எந்தப் பொந்துக்குள்ளும் விரலை விடாதீர்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டி, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பொளி அவ்வளவாகத் தெரியாது. காம்பின் மேல் இருக்கும் இரண்டு கண்கள், ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று வேறு பக்கமுமாகத் திரும்பினால், அது மாண்டிஸ். அப்படியானால் அந்தக் கல்லை மட்டும் வெளியே ஒரு வாளியின் மேல் பிடித்து, சர்க்கரையில்லாத வெறும் சோடாவைப் பொந்துக்குள் பீய்ச்சினால் அது வாளிக்குள் விழுந்துவிடும். சோவாந்திட் இருக்கும் கல்லாக இருந்தால் இதையும் செய்யாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி

ஆறாவது படத்தில், பாறையின் நிழல் பக்கத்தில் தேன்கூட்டைப் போல் கண் கண்ணாகப் பழுப்புத் தட்டு ஒன்று தெரிகிறது. “இந்தக் கறை பெரிதாகிக்கொண்டே போகிறது என்று மகள் சொல்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். அது கறை அல்ல, உயிருள்ள கடினப் பவளம். அதுவும் பாறையோடு வந்ததுதான். “நம்ம கடல் கல்தான், ராமேஸ்வரம் பக்கம்” என்று விற்றவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது இந்த இரண்டு வரிகளும் சேர்வதுதான்.

கடினப் பவளங்கள் எல்லாமே 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே பாதுகாப்பு. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து பவளக் கல்லை எடுப்பது குற்றம். முதல் அட்டவணை உயிர் தொடர்பான குற்றங்களுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ‘பணம் கொடுத்து வாங்கினோம், பில் இருக்கிறது’ என்பது போதும் என்று நினைக்கிறீர்கள், போதாது. அப்படிப்பட்ட உயிர் அரசின் சொத்து என்றும், கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

நான் வழக்கறிஞன் அல்ல. ஆனால் உங்கள் முன் இருக்கும் வழிகளின் நன்மை தீமையை ஒரு சகோதரனாகச் சொல்ல முடியும். பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் தெரியாமல் வைத்திருந்தது வேறு, இந்தப் பதிலைப் படித்த பிறகும் வைத்திருப்பது வேறு. உடைத்துக் குப்பையில் போடுவதோ, வேறொருவருக்கு விற்பதோ கொடுப்பதோ நிலைமையை இன்னும் மோசமாக்கும். வனவிலங்குச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். விற்றவரின் பில், வாங்கிய தேதி, உங்கள் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அவருடைய வழிகாட்டுதலோடு மாவட்ட வன அலுவலகத்துக்கு நீங்களாகவே எழுத்தில் தெரிவிப்பதுதான் நேரான வழி என்பது என் கருத்து. அதுவரை அந்தக் கல் இருக்கும் இடத்திலேயே உயிரோடு இருக்கட்டும். உப்பளவைச் சரிசெய்வது அதற்கும் நல்லது.

“எல்லாவற்றையும் ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோய்க் கடலிலேயே விட்டுவிடலாமா” என்று உங்கள் கணவர் கேட்டதாக ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய நல்லெண்ணம் புரிகிறது. ஆனாலும் செய்யக் கூடாது. எட்டு மாதம் பல இடத்து உயிர்களோடு ஒரே நீரில் இருந்த கல் அது. எந்த நோயை, எந்த அயல் உயிரைச் சுமந்து போகும் என்று யாருக்கும் தெரியாது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின் மேல் கம்பளம்போல் படர்ந்து அவற்றை மூச்சுத்திணற வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டியெடுத்த பாறைகள் அவை. அவற்றுக்கு நம் தொட்டியிலிருந்து இன்னொரு சோதனை போக வேண்டாம்.

தொட்டியைப் பெரிதாக்கும் எண்ணம் இருந்தால், இனி கடலிலிருந்து எடுத்த கல்லை வாங்காதீர்கள். செராமிக்கிலும் சிமெண்டிலும் செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. நுண்ணுயிர்கள் அவற்றில் குடியேற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அந்தப் பொறுமை மட்டும்தான் கூடுதல் செலவு.

மகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். சிவப்பு டார்ச்சோடு வாரம் இரண்டு இரவு, பத்து நிமிடம் போதும்: எந்தக் கல், எந்தப் பொந்து, எத்தனை சென்டிமீட்டர், தலையில் எத்தனை கொம்பு என்று அவள் எழுதட்டும். உப்பளவு 1.025க்கு வந்த பிறகு அந்தப் பக்கங்களின் படங்களையும், சத்தம் வரும் பொந்தின் வாயைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் எனக்கு அனுப்புங்கள். வாயில் மணலும் சிறு கற்களும் குவித்து வைத்திருக்கிறதா, வழுவழுப்பான வட்டத் துளையாக இருக்கிறதா என்று தெரிந்தால், உள்ளே இருப்பது யார் என்பதைச் சொல்லிவிடலாம்.